நீள விசில்

"நான் ஊதின விசிலுக்குச் செங்கோட்டை ரயிலே நின்னுருக்குலே. ஆரியங்காவு குகைக்குள்ள நுழைஞ்ச வண்டி, இந்த மைதானத்துல நான் ஊதினதைக் கேட்டு அப்படியே பின்னால வந்து, பகவதிபுரம் ஸ்டேஷன்ல நின்னு, கார்டு எறங்கி, 'பவுல் பண்ணினது எந்தப் பக்கம்'னு விசாரிச்சுட்டுத்தான் போனாரு."

பேச்சிமுத்து வாத்தியார் இதைச் சொல்லிவிட்டு ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்கு யார் உடம்பிலும் தெம்பு பாக்கி இல்லை.

மேலகரத்தைத் தாண்டி, குற்றாலம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தது அந்தச் சர்வகலாசாலை மைதானம். சாரல் காலத்தில் கல்லூரி அணிகளை வரவழைத்து அங்கே ஒரு கோப்பைக்குப் புட்பால் ஆடவிடுவார்கள். பேருக்குப் புல்தரை. சாரல் பிடித்துவிட்டால் நாற்று நடலாம். அன்றைக்கு இறுதி ஆட்டம். மத்தியானம் தொடங்கி உருண்டு புரண்டும் ஒரு கோல் விழவில்லை. கூடுதல் நேரம் கொடுத்தும் விழவில்லை. இருட்டி வரும்போது ரெபரிக்குக் குளிர்காய்ச்சல் கண்டு பல் கிட்டிக்கொண்டது. விசிலை வாயில் வைக்க முடியவில்லை மனுசருக்கு. 'போதும், நாளைக்கு ஆடுங்க' என்கிற மாதிரி இரண்டு கையையும் வீசிக் காட்டினார். விசிலை உடை மாற்றுகிற அறை மேஜைமேல் வைத்துவிட்டு, வில்வண்டியில் சுருண்டு படுத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு ஓட்டிய பஸ் அன்றைக்குக் கரிக்கும் ஓடவில்லை. ஆடிய அணிகளில் ஒன்று குற்றாலத்துச் சத்திரத்துக்கு நடந்துவிட்டது. மற்ற அணியால் ஒரு அடி நடக்க முடியவில்லை. மரக் காலரிக்கு அடியில் உடை மாற்றுகிற அறையிலேயே, காய்ந்த வைக்கோலைப் பரப்பி ஒருத்தன் முதுகில் ஒருத்தன் சாய்ந்து கிடந்தார்கள். மேலே பலகை இடுக்கில் தண்ணீர் சொட்டியது. நடுவில் தேங்காய்ச் சிரட்டைக்குள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. ஈரத் தோல் நாற்றம், கால் முழுக்கப் பூசிய தைல நெடி.

காவல்காரன் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தான். எல்லாரும் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார்கள். பரீது மட்டும் தன் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஆறட்டும் என்று.

பரீதுக்குத் தென்காசியில் குடைக்கடை. நாற்பது தாண்டிய ஆள். வருசம் தவறாமல் இந்தப் பந்தயத்துக்கு லைன்ஸ்மேனாக வந்து கோட்டோரம் கொடி பிடிப்பவர். ரெபரி படுத்துவிட்டால் லைன்ஸ்மேன் விசிலை எடுக்க வேண்டும் என்பது பந்தய விதி. அந்த விதியை வைத்துக்கொண்டுதான் சாயங்காலத்திலிருந்து அணித் தலைவன் உச்சிமாகாளி அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"பாய், காலையில ஒரே ஒரு ஆட்டம். நீங்க ஊதலைன்னா கோப்பையப் பெட்டியில போட்டுப் பூட்டிருவாங்க. இந்த வருசம் யாருக்கும் இல்லைன்னு எழுதிருவாங்க."

"எனக்குக் கொடி போதும் தம்பி."

"அடுத்த வருசம் நான் ஆட முடியாது பாய். வர்ற வாரம் பட்டாளத்துக்குப் போறேன். பேர் குடுத்தாச்சு."

பரீது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கொடின்னா பிடிக்கேன்" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

ஆட்டம் பார்க்க வருசா வருசம் வருகிற பேச்சிமுத்து ஊதலாமே என்றால், அவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. டிரில் வாத்தியார் வேலையில் ஓய்வு பெறுகிறபோதே போய்விட்டன. முட்டி எப்படிப் போனது என்பதற்கு அவரிடம் மூன்று கதைகள் உண்டு. ஒன்றில் யானை வரும். ஆனால் வாத்தியாருக்கு முட்டியில் இல்லாதது மூளையில் இருந்தது. பரீதை அவருக்கு நன்றாகத் தெரியும். வாத்தியார் எந்தக் கதை சொன்னாலும், 'அண்ணாச்சி, இது பொய்' என்று முதலில் கையைத் தூக்குகிற ஆள் பரீதுதான். இந்த மைதானத்தில் விசிலைப் பற்றி ஒரு பேய்க் கதை இருக்கிறது. அதைச் சொல்லுவது. பொய் என்று பரீது தன் வாயாலேயே சொல்லுவார். 'பொய்தானே வே, அப்ப காலையில எடுத்து ஊதும்' என்று மடக்கிவிடுவது. இந்த யோசனை வந்ததும் அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு தொடங்கினார்.

"இந்தாக் கிடக்குல்லா விசிலு... இதைப் போல ஒண்ணைப் பத்தித்தான் சொல்லப் போறேன். என் சிநேகிதன் முத்துராமலிங்கத்துக்குத் தெரிஞ்ச ஒருத்தன். செல்லச்சாமின்னு பேரு."

அந்த ஆளின் பேர் முத்துராமலிங்கத்துக்கே தெரியுமோ என்னவோ, கடைசிவரை சொல்லவில்லை. பேர் இல்லாத ஒருத்தனை இருட்டில் ரோட்டில் நடக்கவிட முடியுமா? செல்லச்சாமி என்பது வாத்தியாரே வைத்த பேர்.

கதையில் நேரம் ராத்திரி பன்னிரண்டு தாண்டிவிட்டது. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வருகிற ரோடு. சாரல் காலம் முடிகிற சமயம். சீசன் வியாபாரத்தை முடித்துக்கொண்டு செல்லச்சாமி தனியாக நடந்து வருகிறான். நிலா இல்லை. மழையும் இல்லை... ஆனால் மரமெல்லாம் தன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கிறது. பகல் பூராவும் நின்று வியாபாரம் பார்த்த கால். ஒவ்வொரு காலும் ஒவ்வொரு ஆட்டுக்கல். வீட்டுக்குப் போய்ப் பாயில் விழ வேண்டும். அது ஒன்றுதான் அவன் மனசில்.

"பன்னெண்டு மணிக்கு அப்படி என்ன வியாபாரம் அண்ணாச்சி?" என்றார் பரீது. "குரங்குக்கா வித்தான்?"

பையன்கள் கொஞ்சம் சிரித்தார்கள். வாத்தியாருக்குச் சந்தோசம். மீன் தூண்டிலை மோந்து பார்த்துவிட்டது.

"கேளும் வே. இங்கன, இந்த மைதானத்துக் கிட்டக்க வாரான்... ஒரு சத்தம்."

தொப்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

தொப்.

ஈரப் பந்தைக் காலால் உதைக்கிற சத்தம். கேட்டுப் பழகினவனுக்கு வேறு எதுவாகவும் தோன்றாது. செல்லச்சாமி நின்றான். இந்த நேரத்தில் யார்? காலேஜ் பையன்கள் திமிரெடுத்து ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் பையன்கள் ஆடினால் கத்துவார்கள். 'பாஸ் போடுலே' என்பார்கள், கெட்ட வார்த்தை சொல்லுவார்கள். அங்கே ஒரு குரல் இல்லை. பந்து மட்டும்... தொப். அப்புறம் சேற்றில் கால் பெயர்கிற சத்தம். சளக்... சளக்... சளக்.

பிறகு வாசனை வந்தது. கால் தைலம். நனைந்த தோல். அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று... ஆற்றின் அடிச் சேறு. வெள்ளம் வடிந்த பிறகு கரையில் வருமே, அது.

"ஆத்துச் சேறு ஏன் சார்?" என்றான் ஆதித்தன். முன்வரிசையில் ஆடுகிறவன். வாய் ஓயாத பையன்.

"அதுக்குத்தான் வாரேன். இந்தப் பந்தயம் தொடங்கின காலத்துல ஒரு இறுதி ஆட்டம். இன்னைக்கு மாதிரியே கோல் இல்லை. நடு ஆட்டத்துல மழை. மழைன்னா ஒங்க மழையா? ஒவ்வொரு துளியும் தேங்காத் தண்டி. ரெபரி என்ன செய்யணும்? விசிலை நீளமா ஊதி ஆட்டத்தை முடிச்சிருக்கணும். நீள விசில் கேட்டாத்தான் ஆட்டம் முடிஞ்சுது. அதுவரைக்கும் ஆட்டக்காரன் ஆட்டத்துக்குள்ளதான் இருக்கான். அவரு ஊதலை. கையை வீசி, 'மழை விடட்டும், வந்து ஆடுவோம்'ன்னுட்டாரு. ரெண்டு பக்கத்துப் பயகளும் அவருமாச் சேந்து, சேத்தைக் கழுவ ஆத்துக்குப் போனாங்க. மலையில என்ன பெய்ஞ்சுதுன்னு கீழே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஒரே இரைச்சல். தென்காசிக் கோபுரம் உசரத்துக்கு வெள்ளம். இருபத்திரண்டு பேரும், ரெபரியும்... ஒருத்தன் மிச்சம் இல்லை."

"கோபுரம்தான் இடிஞ்சு மொட்டையா நிக்கே சார்."

"இடியாம இருந்தா எவ்வளவு உசரம் இருக்குமோ, அவ்வளவு உசரம்லே."

பரீது தொடையில் தட்டிச் சிரித்தார். "போன வருசம் இதையே சொன்னப்ப பதினொண்ணு பேரு அண்ணாச்சி. அடுத்த வருசத்துக்குள்ள பாக்க வந்த சனத்தையும் சேத்து முக்கிருவீங்க. பொய். அம்புட்டும் பொய்."

"பொய்ங்கீரு."

"பொய்தான்."

வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த வார்த்தையைப் பத்திரமாக மடித்து மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு. குரலைத் தணித்தார்.

செல்லச்சாமி போய்விட்டிருக்கலாம். போகவில்லை. மைதானத்து மூங்கில் தட்டிக் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தான். இருட்டுக்குக் கண் பழகப் பழக... ஓடுகிறார்கள். வேகமாக அல்ல. தூக்கத்தில் நடக்கிறவன் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. ஒருத்தன் பந்தை உதைத்துவிட்டு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கிறான். முதுகு ஏறி இறங்க வேண்டும் அல்லவா? ஏறி இறங்கவில்லை. சட்டையிலிருந்து தண்ணீர் மட்டும் வடிந்துகொண்டே இருக்கிறது. பந்து திரும்பி வருகிறது. அவன் நிமிர்ந்து மறுபடியும் ஓடுகிறான். ஓட வேண்டியிருக்கிறது. ஆட்டம் முடியவில்லையே.

அறையில் ஒரு பையன் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டே, "பாவம்லே" என்றான்.

மைதானத்தின் நடுவில் ஒரு ஆள். அரைக்கால் சட்டை, கழுத்தில் கயிறு. அவர் கையை வாய்க்குக் கொண்டுபோனார். உடனே எல்லாரும் அப்படியே நின்றார்கள். அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது. பள்ளிக்கூடத்து மணி அடிக்கப் போகிற நேரத்தில் பிள்ளைகள் பார்க்குமே, அந்தப் பார்வை. அவர் கன்னம் உப்பியது. ஊதுகிறார்...

சத்தம் இல்லை.

மறுபடியும் ஊதுகிறார். சத்தம் இல்லை. எப்படி வரும்? ஊதுவதற்கு மூச்சு வேண்டாமா? அவர் கையைத் தாழ்த்தினார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு... மறுபடியும் ஓடத் தொடங்கினார்கள். சளக்... சளக்... சளக்.

பேச்சிமுத்து இங்கே ஒரு நிமிசம் நிறுத்தினார். இந்த இடம் அவர் சேர்த்தது அல்ல. முத்துராமலிங்கம் சொன்னபடியே சொன்னார். இந்த இடத்துக்கு அலங்காரம் செய்ய அவருக்கு என்றைக்கும் ஒன்றும் தோன்றியதில்லை. பரீதின் கேலிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. பரீது மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி இருந்தார். பயந்துவிட்டான் மாப்பிள்ளை என்று வாத்தியாருக்கு உள்ளே ஒரு கொண்டாட்டம்.

பந்து உருண்டு வந்து தட்டிக் கதவில் முட்டி நின்றது. அதை எடுக்க ஒரு பையன் வந்தான். கோல் காக்கிறவன். மீசை முளைக்காத முகம். அவன் பந்தை எடுக்கவில்லை. செல்லச்சாமியைப் பார்த்தான். களைத்துப் போன ஒருத்தன் இன்னொரு களைத்துப் போனவனைப் பார்க்கிற மாதிரி.

"வீட்டுக்குப் போணும் அண்ணாச்சி" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான்.

அவனுக்குப் பின்னால் அந்த ரெபரி வந்து நின்றார். கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். பித்தளை விசிலை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். விசிலின் துவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவு சின்ன விசிலுக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படி என்று செல்லச்சாமி யோசித்தானாம். ஓடத் தெம்பு இருந்தால் ஓடியிருப்பான். 'இதை ஊதிக் கொடுத்துவிட்டால் நானும் வீட்டுக்குப் போகலாம்' என்று தோன்றியது. வாங்கினான். வாயில் வைத்தான். ஐஸ் மாதிரி இருந்தது. ஆற்றுத் தண்ணீர் ருசி.

ஊதினான்.

"ஒரு தடவையா? மூணு தடவை. மூணாவது ஊதலுக்குப் புளியறையில வண்டிமாடெல்லாம் கயித்தை அத்துக்கிட்டு ஓடிச்சு. சிவகிரியில தூங்கின பிள்ளைக முழிச்சு அழுதுது. இருபத்திரண்டு பேரும் அங்கங்கே சேத்துல படுத்தாங்க. அம்மாடின்னு ஒரே பெருமூச்சு. பாத்துக்கிட்டே இருக்கான், ஒருத்தர் இல்லை. கையில பாத்தா விசில் இல்லை, கூழாங்கல்லு. அன்னையிலேருந்து இந்த மைதானத்துல எந்த ஆட்டமா இருந்தாலும் நீள விசில் ஊதாம முடிக்கப்படாதுன்னு ஒரு வழக்கம்."

சொல்லி முடித்துவிட்டு வாத்தியார் கையைத் தட்டித் தூசி தட்டினார். சொட்டுகிற தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. உச்சிமாகாளி கண்ணை மூடாமல் பரீதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேய் பெரிதல்ல, காலைதான் பெரிது.

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"என்ன வே பரீது. பொய்தானே?"

பரீது மெழுகுவர்த்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொய்யின்னு நீரே சொன்னீரு. பதினஞ்சு பேரு சாட்சி. பேய் இல்லை, பிசாசு இல்லை, சரி. அப்ப காலையில விசிலை எடுத்து ஊதுறதுக்கு உமக்கு என்ன கேடு? இந்தப் பய பட்டாளத்துக்குப் போறான். போயிட்டு வாரானோ என்னமோ. கோப்பையத் தொட்டுட்டுப் போகட்டும். ஊதும்."

"ஊதுங்க பாய்" என்றான் உச்சிமாகாளி. குரல் உடைந்து போயிருந்தது. "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பரீது மெல்ல முன்னால் நகர்ந்தார். தம்ளர் இன்னும் தரையில் அப்படியே இருந்தது. எப்போதோ ஆறிவிட்டது. அவர் சிரட்டையை இரண்டு கையாலும் எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார். ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். கன்னத்தை உப்பினார். ஊதினார்.

கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்த்தது. உதடு நடுங்கியது.

சுடர் அசையவில்லை.

வரைந்து வைத்த சுடர் மாதிரி நேராக நின்றது. அவர் மூச்சை இழுத்து மறுபடியும் ஊதினார். பக்கத்தில் இருந்த ஆதித்தன் அனிச்சையாகத் தன் கையை நடுவில் நீட்டிப் பார்த்தான். கையில் காற்றே படவில்லை. நீட்டிய கையைச் சட்டென்று இழுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டான்.

வாத்தியாருக்கு நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் 'ஹா' என்று வெளியே வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம், எட்டி உட்கார்ந்திருந்தவர். அந்தப் பெருமூச்சுக்கு மெழுகுவர்த்தி பொசுக்கென்று அணைந்தது.

இருட்டு. திரி கருகிய வாசனை.

"இருபத்திரண்டு பேரு இல்லை அண்ணாச்சி." பரீதின் குரல் அலுத்துப்போய் வந்தது. "ஏழு பேருதான். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஏழு பேரும் ஓட வேண்டியிருந்துது. அதான் அவ்வளவு களைப்பு. மூணு தடவைல்லாம் ஊதலை. ஒரு தடவை. அதுக்கே என்கிட்ட இருந்தது தீந்து போச்சு. பேச வருது, மூச்சு விட வருது. ஊதத்தான் வரலை. அடுப்பு ஊத முடியாது, சூடு ஆத்த முடியாது. முத்துராமலிங்கத்துகிட்ட மட்டும் சொன்னேன். ஆள் பேரைச் சொல்லாதேன்னேன். சொல்லலை போலிருக்கு."

யாரோ ஒரு பையன் தீப்பெட்டியைத் தடவினான். ஈரத்தில் குச்சி பிடிக்கவில்லை. உரசினான், உரசினான்.

மேஜைமேல் எதையோ தேடுகிற சத்தம். பிறகு வாத்தியாரின் உள்ளங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. பித்தளை. சில்லென்று இருந்தது.

"நீங்க ஊதுங்க அண்ணாச்சி. காலையில நடு மைதானத்துல ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டே ஊதுங்க. அந்தப் பிள்ளைக ஒண்ணும் சொல்லாது. உங்களுக்குத்தான் ரயிலை நிறுத்துற மூச்சு இருக்கே. ஆனா இன்னைக்கு ஆட்டத்துக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. அந்த ரெபரி கையத்தான் வீசிட்டுப் போனாரு. அதை இப்பவே, இங்கன வச்சே ஊதிருங்க. இந்தப் பயக தூங்கட்டும்."

உச்சிமாகாளியின் கால் வைக்கோலில் தானாக ஒரு தடவை உதைத்துக்கொண்டது. பக்கத்தில் இன்னொருவன் கால். தூக்கத்தில் ஆடுகிறவர்கள் மாதிரி.

வாத்தியார் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார். உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. அதை இறக்கிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"பரீது... இத்தனை வருசமா நான் சொல்லுறப்பல்லாம் பொய்யின்னுதானே வே சொல்லிக்கிட்டு இருந்தீரு?"

"நீங்க சேத்ததுதான் பொய் அண்ணாச்சி" என்றார் பரீது. "மத்ததெல்லாம் நடந்தது."